வெயில் நின்ற பக்கம்

யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் வாத்தியாராக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கடகக் கோடு, மகரக் கோடு, சூரியன் எந்த மாதம் எந்தக் கோட்டுக்கு மேலே வந்து நிற்கும் என்பதையெல்லாம் கலர் சோக்கால் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். பூமிப் பந்தை ஒரே இழுப்பில் வட்டமாகப் போடுவதில் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் போட்டியாளர் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்த வட்டத்தை நம்பி வேலை தர இங்கே யாரும் இல்லை. எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் தபால் பிரித்து மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. தபால்களில் ஊர்ப்பெயர்கள் இருந்ததால் அதுவும் புவியியல்தான் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

மனைவி ஊரில் நர்ஸ். இங்கே மறுபடியும் நர்ஸாக வேண்டுமென்றால் பதிவுப் பரீட்சை ஒன்று எழுதித் தேற வேண்டும். அதுவரைக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இரவு முழுக்க மற்றவர்களைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்து, தான் படுக்க முடியாமல் திரும்பித் திரும்பிக் கிடப்பாள். நாங்கள் லின்ஃபீல்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை ரென்டுக்கு எடுத்திருந்தோம். மேலே வீட்டுக்காரரின் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே பந்தடித்தார்கள். கீழே எங்கள் அறைக்குள் காலை வெளிச்சம் வீட்டுக்காரனைப்போல உரிமையோடு வந்து நின்றது.

“இரவு முழுக்க எல்லாரையும் நித்திரையாக்கிறன். என்னை நித்திரையாக்க இந்த நாட்டிலை ஒரு சீவன் இல்லை” என்றாள் ஒருநாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் மருந்துகளின் பெயர்கள் நிறைந்த பாடப்புத்தகம், தலைகீழாக. நித்திரை இல்லாத தலைக்குள் அந்தப் பெயர்கள் நிற்கவில்லை. காலையில் படித்தது மத்தியானம் போய்விடும். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் இதே இரவு வேலை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வரும்போதெல்லாம் மனைவி முதலில் கைப்பையை எடுத்து ஒளித்து வைப்பாள். இந்த முறை பிந்திவிட்டாள். நான் ஏற்கெனவே ஒரு பழைய கேம்பர் வான் வாங்கியிருந்தேன்.

ஜப்பான் வான் ஒன்று. ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று நாடெல்லாம் சுற்றிவிட்டுக் கொடுத்தது. உள்ளே ஒரு சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, பின்பக்கத்தில் வானின் குறுக்கே ஒரு கட்டில். நாடு பார்க்க என்று நான் ஆசைப்பட்டு வாங்கியது. அவள் கேட்டது வாஷிங் மெஷின். ஆனால் டிரைவ்வேயின் கடைசியில், மேல்வீட்டுப் பந்துச் சத்தத்துக்கு எட்டாத இடத்தில் அதை நிறுத்தியபோது அவளே உள்ளே ஏறிக் கட்டிலை அமுக்கிப் பார்த்தாள்.

“குறுக்காலை கிடக்கு. எனக்கு அளவாய் இருக்கும்.”

“உம்மடை உயரத்துக்கு எண்டே ஜப்பான்காரன் செய்தது.”

“கதையைக் குறையுங்கோ. இந்தக் கண்ணாடியளுக்கு என்ன வழி? மத்தியானம் இட்டலி அவிக்கலாம் போலை கிடக்கும்.”

அதுதான் சிக்கல். இருபக்கமும் பெரிய பெரிய யன்னல். பூப்போட்ட மெல்லிய திரைகள், வெளிச்சத்தை மறைப்பதற்குப் பதிலாக அதற்குப் பூப்போட்டு உள்ளே அனுப்பின. இந்த நாட்டு வெயில் வேறு ஒரு தினுசு. காற்று குளிராக இருக்கும், வெயில் மட்டும் கிள்ளும்.

கடவுள் எல்லர்ஸ்லியில் இருந்தார். எங்கள் அலுவலகத்தில் கணக்காளர்கள் வெயிலில் வேகிறார்கள் என்று அந்த வாரம் யன்னல்களுக்கு வெயில் தாள் ஒட்ட ஆட்கள் வந்தார்கள். வெள்ளிப் பூச்சுப் பூசிய தாள். ஒட்டிவிட்டால் பகலில் வெளியே நிற்பவனுக்குக் கண்ணாடி, உள்ளே இருப்பவனுக்கு நிழல். சூட்டையும் திருப்பி அனுப்பிவிடும். நான் தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சாட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் அடித்து, தாளை வழுக்கி வைத்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்தெடுக்க வேண்டும். வெயிலில் வைத்து ஒட்டக் கூடாது. தூசி ஆகாது. போகும்போது, மிஞ்சிய துண்டுகளைத் தரலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தந்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கட்டடத்தின் வடக்குப் பக்கத்துக்குத்தான் அவர்கள் ஒட்டினார்கள். தெற்குப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தாள் முடிந்துபோயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை இப்போது எழுதும்போது கூட எனக்குக் காது சுடுகிறது.

கொண்டுவந்த தாள் வானின் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். எந்தப் பக்கம்? இது புவியியல் கேள்வி. வீட்டில் இருந்த ஒரே புவியியலாளன் நான். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து வானைப் பெட்டியாக வரைந்தேன். டிரைவ்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆகவே வானின் ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு. பிளாக்ஹவுஸ் பே கடல் இருக்கிற திசை தெற்கு. அதில் சந்தேகமே இல்லை. ஊரில் எங்கள் வீட்டுத் தெற்கு விறாந்தையில் மார்கழி, தை முழுக்க வெயில் காயும். மிளகாய் காயப்போடுவது அங்கேதான். வெயில் பக்கம் என்றால் தெற்குப் பக்கம். உடம்பு சொல்லியது, நான் எழுதினேன். பூமிப் பந்தின் கீழ்ப்பாதிக்கு வந்துவிட்டால் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும் என்று நானே பிள்ளைகளுக்குக் கற்பித்தது, கேள்வித்தாளில் போட்டது, பிழையாக எழுதியவனுக்குச் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தது, எல்லாம் கரும்பலகையோடு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டது.

“தலைமாடு எந்தப் பக்கம் வாறது?” என்றாள் மனைவி. அவளுக்கு அது முக்கியம். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. வானிலும் கூடாது.

“தெற்கை. வெள்ளித் தாளுக்குக் கீழை. கூலாய் இருக்கும்.”

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“இஞ்சாரும், நான் இதைப் படிப்பிச்ச ஆள்.”

அடுத்த வாரம் முழுக்க மழை. அது என் நம்பிக்கைக்கு வசதியாகப் போனது. வீட்டுக்காரரின் கராஜுக்குள் வானை விட்டு ஒட்டத் தொடங்கினோம். அவள் பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரை விசிறினாள். ரப்பர் பட்டை இல்லாததால் தோசை திருப்பும் தட்டகப்பையில் துணி சுற்றி நான் வழித்தேன். முதல் துண்டு எவ்வளவு வழித்தாலும் ஒட்டவில்லை. வியர்த்துப்போய் நிற்கும்போது, பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தோலை உரிக்காமலே ஒட்டுகிறேன் என்று அவள் கண்டுபிடித்தாள். இரண்டாவது துண்டு நன்றாக வந்தது. மூன்றாவதில் ஒரு காற்றுக்குமிழ் மட்டும் என்ன செய்தும் போகவில்லை.

“மாங்காய் மாதிரிக் கிடக்கு” என்றாள்.

“இலங்கை மாதிரி” என்றேன். “ஆனால் யாழ்ப்பாணத்தை வழிச்சுப்போட்டன் போலை.”

வானைப் பழைய இடத்தில் நிறுத்தி, வெள்ளிப் பக்கம் தெற்கே பார்க்க விட்டோம். தெற்கே எங்கள் பக்கத்து யூனிட். அதில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். என்னை ‘சார்’ என்பார், மனைவியை ‘அக்கா’ என்பார்.

அன்று இருட்டியபிறகு வானுக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். “வெளியிலை நிக்கிறவனுக்கு உள்ளுக்கை ஒண்டும் தெரியாது” என்று விளக்கிக்கொண்டிருக்கையில் தம்பி குப்பைப் பையோடு அந்த வழியே வந்தார். செய்முறை விளக்கம் இல்லாமல் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. யன்னலருகே போய் அவரைப் பார்த்து நாக்கை நீட்டினேன். இரண்டு காதையும் பிடித்து ஆட்டிக் காட்டினேன். மனைவி சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினாள். தம்பி கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, மரியாதையாகக் கையை உயர்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கேட்டார். “சார், நேத்து நாக்குல ஏதாச்சும் புண்ணா?”

பகலில் மட்டும்தான் அது மறைக்கும். இருட்டில் உள்ளே விளக்கு எரிந்தால் எல்லாம் எதிர்மாறு. எல்லர்ஸ்லியில் நான் பார்த்ததெல்லாம் பகல் வேலை.

பரீட்சை திங்கட்கிழமை என்று வந்தது. வெள்ளி இரவு கடைசி வேலை. சனிக்கிழமை பகல் முழுக்க நித்திரை கொள்வது, ஞாயிறு ஒருமுறை புரட்டிப் பார்ப்பது, திங்கள் போய் எழுதுவது என்பது அவளுடைய திட்டம். “சனிக்கிழமை நித்திரை மட்டும் எனக்குத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றாள். சனிக்கிழமையை ஒரு வாத்தியாரின் வார்த்தையாகக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டுவிட்டது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. காலையில் வேலையால் வந்து, குளித்து, நேரே வானுக்குள் போய்ப் படுத்தாள். நான் சாரம் கட்டியபடி வாசலில் காவல் இருந்தேன்.

முதலில் வந்தது வெயில் அல்ல, தம்பி. திங்கட்கிழமை அவருக்கும் எல்லர்ஸ்லியில் ஓர் இன்டர்வியூ. வெள்ளி யன்னலைவிடப் பெரிய கண்ணாடி எங்கள் வளவில் வேறு இல்லை. யன்னலில் பாதி உடம்புதானே தெரியும் என்று மேலே கோட்டும் டையும், கீழே லுங்கியும். யன்னலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, தான் கூட்டாக வேலை செய்வதில் மிகவும் விருப்பமுள்ளவர் என்று ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தம்பி, டை கோணலாக் கிடக்கு.”

தம்பி யன்னலை விட்டு ஒரு பாய்ச்சலில் விலகினார். “ஐயோ அக்கா, உள்ளயா இருக்கீங்க? சாரி அக்கா. தூங்குங்க, தூங்குங்க.”

“நித்திரை எங்காலை வாறது? இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ஒருக்கா வாங்கோ.”

போனேன். வெள்ளிப் பக்கம் நிழலாக, குளிராக, நான் ஒட்டிய அழகோடு இருந்தது. எதிர்ப்பக்கத்து வெறும் யன்னலால் சூரியன் முழுசாக உள்ளே இறங்கி, கட்டிலின் மேல் ஏறி, அவள் முகத்தில் பூப்போட்டிருந்தது.

“உது என்ன?” என்றாள்.

“காலமை வெயில். கொஞ்சத்தாலை அங்காலை போயிடும்.”

“எங்காலை? நான் இஞ்சை வந்து கிடந்த நேரத்திலிருந்து பாக்கிறன். அது வடக்காலை ஏறிக்கொண்டெல்லோ போகுது.”

அப்போதுதான் எனக்குள் எங்கோ ஒரு கரும்பலகை வெளிச்சமானது. கலர் சோக், வட்டம், மகரக் கோடு, அதற்குக் கீழே ஆக்லாந்து, வடக்கேயிருந்து வரும் அம்புக்குறிகள். எல்லர்ஸ்லியில் வடக்குப் பக்கத்துக்கு மட்டும் ஒட்டிவிட்டுத் தாள் முடிந்ததாக நான் இரக்கப்பட்ட அந்த ஆட்களும் வரிசையாக வந்து நின்றார்கள். பேசாமல் நிற்பது எனக்கு வழக்கமில்லை என்பதால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“படிப்பிச்ச ஆள்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். “நான் இனி எழும்பமாட்டன். எழும்பினால் இண்டைக்கு நித்திரை இல்லை. வானைத் திருப்பி விடுங்கோ.”

“நீர் உள்ளுக்கை இருக்கவோ?”

“ஓம். நான் பாரமில்லை.”

ஒட்டிய தாளை உரித்தால் அது மறுபடி ஒட்டாது. வானைத்தான் திருப்ப வேண்டும். வெளியே எடுத்து, ரிவர்ஸில் உள்ளே விட்டால் வெள்ளிப் பக்கம் வடக்கே வரும். கணக்குச் சரி. ஆனால் அந்தக் குறுகலான, வளைந்த டிரைவ்வேயில் ரிவர்ஸ் எடுப்பது கணக்கில் வராத விஷயம். தம்பி கோட்டும் லுங்கியுமாக வானுக்குப் பின்னால் வந்து, ஊர் பஸ் நிலையத்தில் கண்டக்டர் நிற்பதுபோல நின்றுகொண்டார்.

“வரலாம், வரலாம், வரலாம் சார். லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. போதும் போதும். ஆங், நில்லுங்க.”

வெளியே எடுத்தது நன்றாகவே போனது. உள்ளே விடுவதுதான் நடக்கவில்லை. முதல் முயற்சியில் புல்லில் ஏறினேன். அடுத்ததில் எதிர்வீட்டு வேலிக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு ஏதோ மெதுவாக முறிகிற சத்தம் கேட்டது.

“சார், லெட்டர்பாக்ஸ்” என்றார் தம்பி, துக்கவீட்டில் பேசுகிற குரலில். மேல்வீட்டுப் பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு யன்னலில் வரிசையாக நின்று பார்த்தார்கள். தபால் பிரிக்கிறவன் தபால் பெட்டியை இடித்தான் என்று அவர்களுக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

பின்னாலிருந்து போர்வைக்குள்ளால் குரல் வந்தது. “இஞ்சேருங்கோ. எங்கையாவது தள்ளிக் கொண்டுபோய் நிப்பாட்டுங்கோ. ஆட்டத்திலை கண் சொருகுது.”

லெட்டர்பாக்ஸைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். சாரம், பாத்ரூம் செருப்பு, பொத்தான் போடாத சேட்டு. சாரத்தில் கியர் போடுவது ஒரு கலை. அதைப் பற்றி இன்னொருவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் இறக்கத்திலும் பால்குடம் கொண்டுபோகிறவன் மாதிரி ஓட்டிக்கொண்டு பிளாக்ஹவுஸ் பே கடற்கரைக்கு இறங்கினேன். அங்கே கார் நிறுத்தும் இடம் விசாலமாகக் கிடந்தது. சூரியனை ஒருமுறை இல்லை, பலமுறை நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளிப் பக்கம் வெயிலுக்கு, வெறும் பக்கம் கடலுக்கு. ரிவர்ஸ் தேவையில்லாமல் சுற்றி வந்து நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே வெயில் இல்லை. கடல் பக்கத்துப் பூத்திரை, வெயில் படாத இடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அவள் நித்திரை. வாய் சற்றுத் திறந்து, கை கன்னத்துக்குக் கீழே.

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது. வானைத் திருப்பியதால் கட்டிலும் திரும்பியிருந்தது. அவள் தலை வடக்கே.

என்ன செய்வது? எழுப்பிச் சொன்னால் மரபு காப்பாற்றப்படும், நித்திரை போய்விடும். வானைத் திருப்பினால் தலை தெற்கே வரும். வெயிலும் கூடவே வரும். அவளுடைய மருந்துப் பெயர்கள் எல்லாம் அந்தத் தலைக்குள் மெல்ல மெல்லக் குடியேறிக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றியது. திசையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவெடுத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் புல்லில் போய் உட்கார்ந்தேன். திசை விஷயத்தில் ஏற்கெனவே என் பெயர் கெட்டுத்தான் போயிருந்தது.

அந்தப் பகல் முழுக்க நான் ஒரு வெள்ளிக் கண்ணாடிக்குக் காவல் இருந்தேன். நடக்க வந்தவர்கள் அதில் தொப்பியைச் சரிசெய்தார்கள். ஒரு பெண்மணி பல்லில் ஒட்டியிருந்த கீரையை எடுத்தார். ஒருவர் வயிற்றை உள்ளிழுத்துப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, மனம் நொந்து, நடையை வேகமாக்கினார். எல்லாருக்கும் நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். சாரம் கட்டிய ஒருவன் புல்லில் இருந்து அப்படிக் காட்டினால் மனிதர்கள் எவ்வளவு அமைதியாகிவிடுகிறார்கள் என்பது அன்று தெரிந்தது. சிலர் ரோட்டின் மறுபக்கத்துக்கே போய்விட்டார்கள். இடையிடையே அந்தக் கண்ணாடியில் நானும் என்னைப் பார்த்தேன். நெற்றி சிவந்து, மூக்குத் தோல் உரியத் தொடங்கியிருந்தது. எனக்கு ஒட்டத் தாள் மிஞ்சியிருக்கவில்லை.

கடல் வற்றிச் சேறு தெரிந்து, மறுபடி நிறைந்து வந்த நேரத்தில் வான் ஒருமுறை அசைந்தது. பூத்திரை விலகியது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

அவள் எழுந்திருக்காமல் கால்மாட்டு யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கி, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு நிறைவோடு இருந்தாள்.

“என்ன நேரம்?”

“பின்னேரம்.”

“கடல் என்ரை காலுக்கு நேரை கிடக்கு.” தலையணையைத் தடவிப் பார்த்தாள். “கடல் தெற்கு எண்டால், என்ரை தலை வடக்கை.”

தப்ப வழியில்லை. “ஓம். எழுப்ப மனம் வரேல்லை.”

அவள் எழுந்து உட்கார்ந்து, வெள்ளி யன்னலைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வெயில் எரித்தது. உள்பக்கம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. இலங்கைக் குமிழை ஒரு விரலால் அமத்தினாள். அது பக்கத்தில் நகர்ந்து, திரும்ப வந்து நின்றது.

“நான் பிறந்ததுக்கு இப்பிடி நித்திரை கொண்டதில்லை” என்றாள். “வடக்கு, தெற்கு எல்லாம் ஊரிலை வெயிலைப் பாத்து வைச்சது. வெயில் நிண்ட பக்கம்தான் எங்களுக்குத் தெற்கு. இஞ்சை வெயில் வடக்கை நிண்டால், அதுதான் தெற்கு. நான் சரியாத்தான் படுத்தனான்.”

மகரக் கோட்டுக்கும் கடகக் கோட்டுக்கும் இடையில் இப்படி ஒரு தீர்ப்பை எந்தப் பாடப்புத்தகமும் எழுதியதில்லை. எனக்கு அதில் ஒரு பெரிய ஆதாயம் தெரிந்தது.

“அப்பிடிப் பாத்தால், தெற்குப் பக்கம் எண்டு நான் ஒட்டினதும் சரிதானே?”

“ஓம், ஒட்டினது சரி” என்றாள். “நிப்பாட்டினதுதான் பிழை. அடுப்பைக் கொளுத்துங்கோ, எனக்குத் தேத்தண்ணி வேணும். அந்தப் புத்தகத்தையும் எடுங்கோ.”

தேத்தண்ணி கொதிக்கும்வரை நான் மருந்துகளின் பெயரைக் கேட்டேன்; அவள் கடலைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. என் உச்சரிப்பை மட்டும் அடிக்கடி திருத்தினாள்.

திங்கட்கிழமை போய் எழுதினாள். தேறினாள். தம்பிக்கும் அந்த வாரமே வேலை கிடைத்தது. டை நேராக இருந்ததுதான் காரணம் என்று இன்றைக்கும் அக்காவுக்குச் சொல்லுவார். மேல்வீட்டுக்காரருக்கு நான் ஒரு புது லெட்டர்பாக்ஸ் நட்டுக்கொடுத்தேன். அது கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கிறது என்று அவர் சொன்னார். எந்த வடக்கு என்று நான் கேட்கவில்லை.